உன் பெயர் பத்மாவதி இல்லை

கினு,

உன் கடிதமும் அதற்குள் நீ மடித்து வைத்திருந்த கல்யாணப் பத்திரிகை புரூஃபும் நேற்று மத்தியானத் தபாலில் வந்தன. பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் கை கால்கூடக் கழுவாமல் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மஞ்சள் தாளில் ஒரு பக்கம் தெலுங்கு, ஒரு பக்கம் தமிழ். முகூர்த்த நேரம் சரியாக இருக்கிறது. திருச்சானூர் மண்டபத்துக்கு வழி போட்டிருக்கிறார்கள், அதுவும் சரி. உன் நைனா பெயருக்கு முன்னால் ‘திருவாளர்’ என்று பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். போகட்டும், அவருக்கும் ஒரு நாளாவது அந்த மரியாதை கிடைக்கட்டும். அதற்கு அடுத்த வரியில் ‘எங்கள் குமாரத்தி சௌபாக்கியவதி பத்மாவதியை’ என்று இருந்தது. வேறு யார் வீட்டுப் பத்திரிகையையோ மாற்றி வைத்துவிட்டாய் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். பிறகுதான் உன் கடிதத்தைப் படித்தேன். ‘பரவால்லம்மா, பேருதானே’ என்று எழுதியிருக்கிறாய். பெயர் மாற்றத்தை அரசிதழில் போடுவதற்கு விண்ணப்பத்தாள்கூட வாங்கி வைத்துவிட்டதாக எழுதியிருக்கிறாய்.

எனக்குக் கோபம் வந்தது. அதை மறைத்து எழுதத் தெரியாது, மறைக்கப் போவதும் இல்லை. அந்தப் பெயருக்குரிய திருச்சானூர் தாயார்மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. வருஷத்துக்கு ஒரு தடவையாவது போய்ச் சேவித்துவிட்டு வருகிறவள் நான். நாளைக்கு உனக்கு ஒரு பெண் பிறந்து அதற்குப் பத்மாவதி என்று நீ வைத்தால், முதலில் ஓடிவந்து சர்க்கரைத் தண்ணீர் விடுகிறவள் நானாகத்தான் இருப்பேன். ஆனால் இருபத்தைந்து வயதுவரை ஒரு பெயரோடு வளர்ந்தவளுக்கு, இன்னொருத்தர் நாக்கு வளையவில்லை என்பதற்காகப் புதுப் பெயர் வைப்பதற்கு எந்தத் தாயார் சொன்னாள்? நிச்சயதார்த்தத்து அன்று தாம்பூலத் தட்டு மாற்றின கையோடு உன் மாமியாராகப் போகிறவர், ‘ஆ பேரு பிலவடானிக்கி ராதண்டி’ என்றார். கூப்பிட வாயில் வரவில்லையாம். உறவுக்காரர்கள் முன்னால் கூப்பிடக் கூச்சமாக இருக்குமாம். வேறு பெயராக வைத்துவிடலாம் என்றதும் உன் நைனா உடனே தலையை ஆட்டினார். நான் வாயில் வெற்றிலையை வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். அந்த மௌனத்துக்காகத்தான் இந்தக் கடிதம்.

இதைக் கேட்டு நீ சிரிப்பாய். ஏனென்றால் உன் பெயருக்கு முதல் எதிரி நான்தான். அந்தக் கதை உனக்கு முழுக்கத் தெரியாது, சொல்கிறேன். நான் வேலூரில் டிரெயினிங் முடித்துவிட்டு நகரியில் தமிழ் டீச்சராக வந்தவள். வந்த முதல் நாளிலிருந்து என்னுடைய பெரிய வேலை என்ன தெரியுமா? பிள்ளைகளின் நோட்டில் ‘வந்துகினு’ என்பதை அடித்து ‘வந்துகொண்டு’ என்று எழுதுவது. ‘அம்மா சோறு ஆக்கிகினு இருந்தாங்க’, ‘மாடு புல்லு துன்னுகினு இருந்தது.’ ஒரு கட்டுரையில் பத்து கினு இருக்கும். அடித்து அடித்து விரல் வலிக்கும். பட்டணத்திலிருந்து வரும் இன்ஸ்பெக்டர்கள் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் வாயைத் திறந்தாலே சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு என் முகத்தில் அடித்த மாதிரி இருக்கும். கினு என்ற ஒலியை இந்த ஊரிலிருந்தே ஒழித்துவிடுவது என்று கங்கணம் கட்டிக்கொண்டவள் வயிற்றில்தான் நீ பிறந்தாய்.

நீ பிறந்தது ஆந்திரா தனி மாநிலமான வருஷம். உன் நைனா போர் முடிந்த பிறகு பட்டாளத்தோடு ஜப்பானுக்குப் போய் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டுத் திரும்பி, பழையபடி தறியில் உட்கார்ந்திருந்த காலம். அங்கிருந்து அவர் கொண்டுவந்தது ஒரு கம்பளிக் கோட்டும் நான்கைந்து வார்த்தைகளும்தான். உனக்குத் தூய தமிழில் ஒரு பெயரை நான் தேர்ந்தெடுத்து வைத்திருந்தேன். பெயர் வைக்கிற நாளில் அவர் என்னைக் கேட்காமல் குனிந்து உன் காதில் ‘கினு’ என்றார். மூன்று தடவை சொன்னார். கூடியிருந்தவர்கள் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். உன் அத்தை, “இன்னாடா பேரு இது? வந்துகினு போய்க்கினுன்னு?” என்று கேட்டாள். அவர் நிதானமாக, “பட்டுன்னு அர்த்தம் அக்கா. ஜப்பான்ல பட்டு நூலுக்கு அதான் பேரு. பொம்பளைங்களுக்கும் வெப்பாங்க” என்றார். பட்டு என்றதும் அத்தை சமாதானமாகிவிட்டாள். எனக்குத்தான் சமாதானம் ஆகவில்லை. ஊரெல்லாம் நான் அடித்துத் திருத்துகிற சொல்லை என் வீட்டுக்குள்ளேயே ஒருவர் தொட்டிலில் போட்டுவிட்டார்.

நான் உன்னைப் பாப்பா என்றே கூப்பிட்டேன். மூன்று வருஷம், நான்கு வருஷம், பாப்பாதான். தெருவில் மற்ற பிள்ளைகள் ‘கினு எங்கடி, வந்துகினு இருக்காளா?’ என்று பாட்டுப் பாடுவார்கள். நீ அழமாட்டாய். திரும்பி நின்று, ‘ஆமா, வந்துகினுதான் இருக்கேன்’ என்பாய். உனக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது. எனக்குத்தான் பிடிக்கவில்லை. இதைச் சொல்வதற்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அப்புறம் எல்லைத் தகராறு முற்றியது. எந்த ஊர் ஆந்திராவில் இருப்பது, எந்த ஊர் சென்னை மாகாணத்தோடு போவது என்று கிராமம் கிராமமாகப் பேச்சு. எந்தப் பாஷைக்காரர் அதிகமோ அந்தப் பக்கம் என்றார்கள். சர்க்காரிடம் ஜனத்தொகைக் கணக்கு ஒன்று இருந்தது. அதை நம்பாமல் இரண்டு பக்கத்து ஆட்களும் தாங்களே நோட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக வந்தார்கள். நம் தெருவில் அது லேசான காரியமா? மாமியார் தெலுங்கில் திட்டுவாள், மருமகள் தமிழில் பதில் சொல்லுவாள், சமாதானம் ஆகும்போது இரண்டு பேரும் பாஷையை மாற்றிக்கொள்வார்கள். பேச்சை வைத்து ஒன்றும் எழுத முடியாததால் வந்தவர்கள் பெயரைப் பார்த்தார்கள். கடைசியில் ‘ன்’ இருந்தால் ஒரு பக்கம், ‘டு’ இருந்தால் இன்னொரு பக்கம். முனுசாமி என்று ஒருவர் இருந்தால் அவர் இரண்டு நோட்டிலும் ஏறினார்.

நம் வீட்டுக்கு ஒருநாள் காலையில் தெலுங்குப் பக்கத்து ஆள் வந்தார். சின்ன வயசு, மரியாதையான பிள்ளை. எங்கள் பெயர்களைக் கேட்டு எழுதிவிட்டு உன் பெயரைக் கேட்டார். நீயே சொன்னாய். அவர் பேனாவை நிறுத்திவிட்டு, ‘இதேம் பேரம்மா, கினுகலோ சகமா?’ என்றார். தெலுங்கில் கினுக என்றால் கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்புகிறது. இந்தப் பெயர் அதில் பாதியா என்று கேட்டார். மீதிப் பாதி என் முகத்தில் இருந்ததைப் பார்த்திருப்பார் போலிருக்கிறது, சட்டென்று ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். மத்தியானம் தமிழ்ப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். பட்டணத்துக்காரர். வெள்ளை வேட்டி, அழகான தமிழ். நான் டீச்சர் என்று தெரிந்ததும் எழுந்து நின்று கும்பிட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. உன் பெயர் வந்ததும் அவர் முகம் சுருங்கியது. கொச்சையாக இருக்கிறதே, ஒரு தமிழாசிரியை வீட்டிலா என்று கேட்டார். அந்த இன்ஸ்பெக்டர்களின் சிரிப்பு அவர் உதட்டு ஓரத்தில் இருந்தது. நான் தயங்கவே இல்லை, கினு. ‘தமிழ்ச்செல்வி. வீட்டில் சும்மா அப்படிக் கூப்பிடுவோம்’ என்றேன்.

நீ என் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாய். “நானு கினு” என்று அவரிடம் சொன்னாய். நான் உன் மேல்கையில் கிள்ளினேன். சும்மா இல்லை, சிவந்துபோகிற மாதிரி. நீ அழவில்லை, என்னை நிமிர்ந்து பார்த்தாய், அவ்வளவுதான். அவர் உருண்டையான கையெழுத்தில் தமிழ்ச்செல்வி என்று எழுதிக்கொண்டு, நல்ல பெயர் என்று பாராட்டிவிட்டுப் போனார். இந்த ஊரில் எத்தனையோ பேர் பாஷைக்காகப் பொய் சொன்னார்கள், அவர்களில் ஒருத்தி நான் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். நான் பாஷைக்காகச் சொல்லவில்லை. ஒரு அந்நிய மனிதர் முன்னால் கூச்சப்பட்டுச் சொன்னேன். உன் மாமியார் சொன்ன அதே கூச்சம்தான். அதனால்தான் அவர்மேல் எனக்கு ரொம்பக் கோபம் இல்லை. அந்த நோய் எனக்கும் இருந்தது.

சாயங்காலம் உன் நைனா தறிக்குழியிலிருந்து எழுந்து வந்து உன்னைக் கூப்பிட்டார். நீ திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டதும், “நானு அவ இல்ல நைனா. அம்மா வேற பேரு சொல்ட்டாங்க” என்றாய். அவர் என்னைப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் கத்துகிற மனிதர் இல்லை என்பது உனக்குத் தெரியும். அன்றைக்குக் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். உன்னை மடியில் உட்காரவைத்துக்கொண்டு, முதல் தடவையாக அந்தக் கதையைச் சொன்னார்.

ஜப்பானில் கடலோரமாக ஒரு முகாம். கிழிந்த உடுப்புகளைத் தைக்க அந்த ஊர்ப் பெண்கள் தினமும் வருவார்கள். அவர்களில் ஒருத்தி பெயர் கினு. நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். புருஷன் போருக்குப் போனவன் திரும்பவில்லை. அந்தப் பெயரைக் கேட்டு நம் பக்கத்துச் சிப்பாய்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம், ‘நம்மூரு பொம்பள ஒருத்தி வந்துகினு இருக்காடா’ என்று. ஒருநாள் அவள் தன் பையிலிருந்து ஒரு நூல்கண்டை எடுத்து உன் நைனாவிடம் காட்டினாள். நெசவுக்காரர் பிள்ளை, விரலில் உருட்டிப் பார்த்த உடனே, பட்டு என்று சொல்லிவிட்டார். அவள் நூலைத் தொட்டு, கினு என்றாள். அப்புறம் தன் நெஞ்சைத் தொட்டு, கினு என்றாள். இவருக்கு அர்த்தம் விளங்கியது அப்படித்தான். கொஞ்ச நாளில் முகாமுக்குப் புதிதாக ஒரு வெள்ளைக்கார அதிகாரி வந்தான். அவனுக்கு அந்தப் பெண்களின் பெயர்கள் வாயில் வரவில்லை. பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டு, மேரி, ரோஸி, டெய்ஸி என்று புதுப் பட்டியல் எழுதினான். மறுநாள் காலையில் வாசலில் பட்டியலோடு இருந்தவன் அவளைப் பார்த்து மேரி என்று கூப்பிட்டான். கினு அசையவில்லை. மறுபடி கூப்பிட்டான். நெஞ்சைத் தொட்டு, கினு என்றாள். “அவ பேர சொல்லிக் கூப்ட்ட பெறகுதான் உள்ள வந்தா” என்று உன் நைனா கதையை முடித்தார். நீ கைதட்டினாய். அன்றிலிருந்து நானும் உன்னைப் பாப்பா என்று கூப்பிடுவதை விட்டேன்.

மறுநாள் அந்தப் பட்டணத்துக்காரர் தங்கியிருந்த வீட்டுக்கு ஓடினேன். தப்புச் சொல்லிவிட்டேன், திருத்துங்கள் என்று கேட்பதற்காக. பட்டியல் போய்விட்டது என்றார்கள். அந்த நோட்டு எங்கேயாவது கரையான் அரிக்காமல் இருந்தால், நம் வீட்டு எண்ணுக்கு நேராகத் தமிழ்ச்செல்வி என்று ஒரு நான்கு வயதுப் பெண் இன்னமும் இருப்பாள். பிறகு எல்லை தீர்ந்தது. திருத்தணி அந்தப் பக்கம் போயிற்று, சத்தியவேடு இந்தப் பக்கம் வந்தது, நாம் இருந்த இடத்திலேயே இருந்தோம். சண்டை போட்டவர்கள் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். அதுவரை நம்மூராகவே நினைத்திருந்த திருத்தணிக்குப் போய்வர நாங்கள் மாநிலம் தாண்ட வேண்டியதாயிற்று.

உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது நான் கற்றுக்கொண்ட பாடத்தைக் காட்ட ஒரு சந்தர்ப்பம் கிடைத்தது. ஹெட்மாஸ்டர் எனக்கு மேலதிகாரி. ரிஜிஸ்டரைத் திறந்துவைத்துக்கொண்டு, இந்தப் பெயர் இரண்டு பாஷையிலும் இல்லை, நல்லதாக ஒன்று சொல்லுங்கள் டீச்சர், பின்னால் சர்டிபிகேட்டில் தொல்லை வரும் என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். “ரெண்டு பாஷையிலயும் இல்லன்னா மூணாவது ஒண்ணுல இருக்குது சார். எழுதுங்க” என்றேன். அவர் எழுதினார். அதற்காக என்னை அந்த வருஷம் முழுக்க ஒன்றாம் வகுப்பிலேயே போட்டார் என்பது வேறு கதை. அந்த வருஷம் ஒன்றாம் வகுப்பில் நீ இருந்தாய், அதனால் எனக்கு நஷ்டம் இல்லை.

அலிபிரியில் நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும், ஆனால் நீ அப்போது சரியாகக் கேட்கவில்லை. நீ டிகிரி முடித்ததற்கு வேண்டுதல், இரண்டு பேரும் திருமலைக்கு நடந்து ஏறப் போனோம். அடிவாரத்தில் ஜப்பான்காரப் புருஷன் பெண்டாட்டி இருவர் கேமராவோடு நின்றார்கள், கூட ஒரு கைடு. நீ என் முந்தானையைப் பிடித்து இழுத்தாய், ‘வேணாம்மா, வா, வெயில் ஏறிடும்’ என்று. நான் விடவில்லை. கைடிடம் சொல்லி, என் பெண் பெயர் கினு, சரியா என்று கேட்கச் சொன்னேன். அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். அது தன் அம்மாவின் அத்தை பெயராம். அந்தக் காலத்தில் எளிய வீட்டுப் பெண்களுக்கு அப்படி இரண்டெழுத்தில் பெயர் வைப்பார்களாம், பட்டு நூற்கிற ஊர்களில் நிறைய இருக்குமாம். அதிகம் படிக்காத பெண்ணும் தன் பெயரைத் தானே எழுதிக்கொள்ளட்டும் என்று அவர்கள் பாஷையில் இருக்கிற எழுத்து வகைகளில் கஷ்டமானதை விட்டுவிட்டுச் சுலபமானதில் எழுதுவார்களாம். இப்போது யாரும் வைப்பதில்லை. பின்னால் இன்னொரு எழுத்தை வாலாகச் சேர்த்துப் புதுசாக்கி வைத்தால் உண்டு, வெறும் கினு என்று ஒரு சின்னப் பெண்ணைத் தான் பார்த்து எத்தனையோ வருஷம் ஆயிற்று என்றாள். உன் உள்ளங்கையில் விரலால் இரண்டு எழுத்து எழுதிக் காட்டினாள். நம் எழுத்திலும் இரண்டுதான் என்று நானும் அவள் கையில் எழுதினேன். அப்புறம் அவள் உன் கையை விடாமல் உன் பெயரை மெதுவாக ஒருமுறை சொன்னாள். நீ கூச்சத்தில் படியைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

படி ஏறும்போது நீ கேலி செய்தாய். ஃபாரின் பேர் என்று இத்தனை நாள் பெருமைப்பட்டால், கடைசியில் அது அங்கே குப்பம்மா மாதிரியாம் என்றாய். ஆமாம், குப்பம்மா மாதிரிதான். எனக்கு அன்றைக்குத்தான் அந்தப் பெயர்மேல் முழு ஆசை வந்தது. யாரும் அலங்காரத்துக்கு வைத்த பெயர் இல்லை அது. வேலை செய்கிற பெண்களின் பெயர், அவர்களே எழுதிக்கொண்ட பெயர். அவள் ஊரில் ஏறக்குறைய இல்லாமல் போய்விட்டது, நம் ஊரில் எப்போதுமே இருந்ததில்லை. இந்தச் சித்தூர் ஜில்லா முழுக்கத் தேடினாலும் உன்னைத் தவிர இன்னொருத்தி கிடைக்கமாட்டாள் என்று பந்தயம் கட்டுவேன்.

தமிழ் டீச்சராக இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் பேச்சில் இருக்கிற கினு, கொண்டு என்பதிலிருந்து வந்தது. தனியாக நிற்காது, ஒரு வேலையோடு ஒட்டித்தான் நிற்கும். ‘போனா’ என்றால் போய்விட்டாள். ‘போய்க்கினு இருக்கா’ என்றால் இன்னும் முடியவில்லை, கண்ணுக்கு எதிரே நடக்கிறது. எல்லைக் கோடு போட்டவர்கள் எங்களைப் பார்த்து, இந்தப் பக்கம் வந்துவிட்டீர்களா அந்தப் பக்கம் போய்விட்டீர்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நாங்கள் வரவும் இல்லை, போகவும் இல்லை, இருந்துகினு இருந்தோம். இதைக் கொச்சை என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். ரிடையர் ஆக ஆறு வருஷம் இருக்கிறது. இப்போதெல்லாம் பிள்ளைகள் பரீட்சையில் எழுதினால்தான் திருத்துகிறேன், பேசினால் விட்டுவிடுகிறேன்.

இனி உன் நைனா விஷயம். நிச்சயதார்த்தம் முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது அவரைப் பிடித்துக்கொண்டேன். பெயரை வைத்தவர் நீங்கள், தலையாட்டினவரும் நீங்களா என்று கேட்டேன். “பொண்ண குடுக்கற எடத்துல இன்னாத்துக்கு வம்பு” என்றார். வாசலில் நின்ற அந்தக் கினுவை மறந்துவிட்டீர்களா என்றேன். பஸ் புத்தூர் தாண்டியது. பிறகு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “வாசல்ல இருந்தவன் நான்தான்” என்றார். பட்டியலை வாசிப்பது அவர் வேலையாக இருந்திருக்கிறது. மேரி என்று கூப்பிட்டது அவர். அவளுடைய பெயரும் அதன் அர்த்தமும் தெரிந்த ஒரே ஆள் அங்கே அவர்தான், அவர்தான் கூப்பிட்டார். அவள் நெஞ்சைத் தொட்டு, கினு என்றாள். அதிகாரி பின்னால் நின்றுகொண்டிருந்ததால் இவர் வாயைத் திறக்கவில்லை. “அவ உள்ள வரவே இல்ல. நானு அவ பேருமேல கோடு போட்டேன். மறுநாள்லேந்து அவள காணோம். அந்தப் பஞ்சத்துல வேல இல்லாம இன்னா ஆனாளோ” என்றார். இத்தனை வருஷம் கழித்து, பஸ்ஸில், டிக்கெட்டைச் சுருட்டிக்கொண்டே சொன்னார். அவர் அழுததை நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

ஆக, அவர் தலையாட்டியது உன் மாமியாருக்குப் பயந்து இல்லை. பெயருக்காக நின்ற ஒருத்தி என்ன ஆனாள் என்பது அவருக்குத் தெரியாது. அந்தத் தெரியாமைதான் அவரை அரிக்கிறது. தன் பெண் எந்த வாசலிலும் அப்படி வெளியே நிற்கக்கூடாது என்று நினைக்கிறார். அவர் பயத்தை நான் புரிந்துகொள்கிறேன். ஆனால் அந்தப் பயத்துக்கு உன்னைக் கொடுக்கமாட்டேன். அவள் தனியாக நின்றாள், உனக்குப் பின்னால் நான் நிற்கிறேன். உனக்கு வேலை இருக்கிறது, சம்பளம் இருக்கிறது, திரும்பி வர நகரிக்கு மணிக்கு ஒரு பஸ் இருக்கிறது. மாப்பிள்ளையும் உன்னோடு ஒரே ஆபீஸில் நான்கு வருஷமாக உன்னைக் கினு என்று கூப்பிட்டுத்தானே இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்? அவர் நாக்கு வளைந்ததே. அவரிடம் கேள், இந்தப் பத்மாவதி என்பவளை அவருக்குத் தெரியுமா என்று.

எல்லாவற்றுக்கும் சண்டை போடு என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. புளிக்குழம்பு அவர்களுக்குப் பிடிக்காவிட்டால் வைக்காதே. கோங்குராக் கீரையில் பருப்புப் போட்டு எப்படிக் கடைவது என்று மாமியாரிடமே கேட்டுக் கற்றுக்கொள். அவர் நன்றாகச் செய்கிறார், அன்றைக்கு நானே இரண்டு தடவை போட்டுக்கொண்டேன். தெலுங்கிலேயே பேசு, உனக்கு என்னைவிட நன்றாக வரும். பொட்டைப் பெரிதாக வைக்கச் சொன்னால் வை. நானும் இந்த வீட்டுக்கு வந்தபோது எத்தனையோ விட்டுக்கொடுத்தேன், ஒன்றும் குறைந்துபோய்விடவில்லை. ஆனால் கூப்பிட்டால் திரும்புகிறாயே, அந்தத் திரும்புகிற ஆள் நீயாக இருக்க வேண்டும். நான்கு வயதில் உனக்கு அது தெரிந்திருந்தது. ஒரு அந்நியரைப் பார்த்து, அம்மா கிள்ளியும், நானு கினு என்று சொன்னாய். அந்தக் கிள்ளலுக்கு இன்றைக்கு மன்னிப்புக் கேட்கிறேன். ‘பேருதானே’ என்று எழுதக் கற்றுக்கொடுத்தது அந்தக் கிள்ளலாக இருந்தால், அதைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன்.

உண்மையிலேயே உனக்குப் பத்மாவதி என்ற பெயர்மேல் ஆசை இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை வந்து என் முகத்தைப் பார்த்துச் சொல். அழுவேன், இரண்டு நாள் பேசமாட்டேன், அப்புறம் நானே உன் விண்ணப்பத்தில் சாட்சிக் கையெழுத்துப் போடுவேன். உன் பெயர், உன் இஷ்டம். ஆனால் பரவாயில்லை என்று எழுதி அனுப்பினால் ஏற்றுக்கொள்ளமாட்டேன். புரூஃபில் இரண்டு பக்கத்திலும் அந்தப் பெயரை அடித்துக் கினு என்று எழுதி இதோடு வைத்திருக்கிறேன். அச்சகத்தில் கொடுப்பது உன் கையால் நடக்கட்டும். நீ கொடுக்காமல் அவர்கள் பத்மாவதி என்றே அச்சடித்து ஊரெல்லாம் அனுப்பினாலும் அனுப்பட்டும்.

ஏனென்றால் மேடையில் நடக்கப்போவது வேறு. கன்னிகாதானத்தின்போது இன்னாருடைய கொள்ளுப்பேத்தி, இன்னாருடைய பேத்தி, இன்னாருடைய மகள் என்று சொல்லி, இன்ன பெயருடையவளைக் கொடுக்கிறேன் என்று உன் நைனா எல்லார் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும். புரோகிதரிடம் பேசிவிட்டேன். உன் நைனாவிடமும் சொல்லிவிட்டேன், அந்த வாசலில் சொல்லாததை இந்த மேடையில் சொல்லுங்கள் என்று. ஆகட்டும் என்று அவர் இந்தத் தடவை உடனே தலையை ஆட்டிவிடவில்லை. அவர் கையின்மேல் உன் கையை வைப்பார்கள், தாரை வார்க்கிற செம்பு என் கையில் இருக்கும். மேளக்காரர் எவ்வளவு வேகமாக அடித்தாலும் சரி, முகூர்த்தம் தவறுகிறது என்று மண்டபமே கத்தினாலும் சரி, அவர் வாயிலிருந்து கினு என்று வருகிறவரை அந்தச் செம்பை நான் சாய்க்கமாட்டேன்.

உன் அம்மா